பெண்ணுக்கும் தாடியா?

ஒரு ரோமானியக் குடும்பத்தைப் பற்றிப் பேச நான் பினாங்குக்குப் போனேன். இதைச் சொன்னதும் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அப்படியானால் ரோமுக்கல்லவா போக வேண்டும்? ரோம் என்னை அழைக்கவில்லை. ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு தமிழ் வாசகர் வட்டம் அழைத்தது. அழைத்த இடத்துக்குப் போவதுதானே மரியாதை.

அந்தக் குடும்பத்தின் பெயர் தாடியா. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். ரோமில் குடும்பப் பெயர் ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு ஒரு விதமாகவும் முடியும். அந்த வீட்டு ஆண் தாடியுஸ், பெண் தாடியா. பெண்ணுக்கென்று தனிப் பெயர் பெரும்பாலும் வைப்பதில்லை. அக்காவும் தாடியா, தங்கையும் தாடியா. வேண்டுமானால் பெரிய தாடியா, சின்னத் தாடியா. சாமானிய வகுப்பைச் சேர்ந்த குடும்பம். நாடாண்டவர், படை நடத்தியவர் என்று எவரும் இல்லை. சில கல்லறைக் கற்களில் பெயர் இருக்கிறது. ஓர் ஓவியர் அந்த வீட்டுக்காரர்தானா என்று அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. அவ்வளவுதான் அவர்களுடைய புகழ்.

"பெரிய குடும்பமா ஒண்ணை எடேம்மா," என்றார் என் ஆய்வு நெறியாளர். பெரிய குடும்பங்களைப் பார்த்துக்கொள்ள நிறைய ஆள் இருக்கிறது ஐயா என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, மறைப்பதில்லை. அப்பா அருப்புக்கோட்டையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். பினாங்கில் என்ன பேசப் போகிறேன் என்று விளக்கியபோது முழுவதும் கேட்டுவிட்டு, "தாடியப் பத்திப் பேசணும்னா என்னையில்ல கூப்பிட்டிருக்கணும்," என்றார்.

விமான நிலையத்துக்கு தேவகி அக்கா வந்திருந்தார். வாசகர் வட்டத்தின் செயலாளர். பக்கத்திலேயே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வேலை முடிந்த கையோடு, கழுத்தில் அடையாள அட்டை ஆட, மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். என் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உடன் வேலை செய்பவர் ஒருவரின் காடியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. காடி என்றால் இங்கே கார். அந்த இடம் என் பெட்டிக்குக் கிடைத்தது. பெட்டி குளிரூட்டிய காடியில் ஜார்ஜ்டவுன் போக, நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டு போனேன். பாதி வழியில் மழை வலுத்தது. ஒரு மேம்பாலத்தின் அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் வரிசையாக ஒதுங்கி நின்றார்கள். நாங்களும் நின்றோம். எங்கள் ஊரில் இத்தனை பேர் ஓரிடத்தில் நின்றால் உடனே ஒருவர் அரசியல் பேசத் தொடங்கியிருப்பார். இங்கே எல்லோரும் கைப்பேசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பசியாறிட்டீங்களா தங்கச்சி?" என்றார் அக்கா.

பசியாறுதல் என்ற சொல்லை அதற்கு முன் நான் அச்சில்தான் பார்த்திருந்தேன். எங்கள் ஊரில் வயிறு நிறையும், பசி அடங்கும், யாருக்கும் பசியாறுவதில்லை. இல்லை அக்கா என்றேன், நானும் அச்சில் ஏறிவிட்ட மாதிரி ஒரு கௌரவத்துடன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை ஒன்றில் பசியாறினோம். சோறு, கோழி, வெண்டைக்காய். பரிமாறியவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பஞ்சிர்?" என்றார். எனக்குப் புரியாததை ஒப்புக்கொள்ளும் பழக்கம் இல்லை. தலையாட்டினேன். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, தால், இன்னும் பெயர் தெரியாத ஒன்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளமாம். என் தட்டில் சோறு கூரைமேல் ஏறி உதவிக்குக் கையாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் குழம்பைக் கலந்தால் அம்மா திட்டுவாள். இங்கே கலப்பதற்குத்தான் கூட்டம் அலைமோதுகிறது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாப்பிட்டு முடித்து, இங்கே தே எனப்படும் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது அக்கா விஷயத்துக்கு வந்தார்.

வட்டம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பட்டிமன்றக் குழுவை வரவழைக்கும். மண்டபம் நிரம்பும். மூன்று மணி நேரம் சிரிப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். இந்த முறை அக்கா ஒற்றைக்காலில் நின்றார். ஒரே ஆள், ஒரே பொருள், உருப்படியாக ஒரு பேச்சு. தலைவர் குணசேகரன் லாரி வாடகைத் தொழில் செய்பவர். ஏற்றிய சரக்கு போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கொள்கை. வந்த கூட்டம் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து பழையபடி பட்டிமன்றம், செயலாளரும் வேறு ஆள்.

"கூட்டம் எழுந்து போச்சுன்னா நானும் எழுந்து போயிருவேன் தங்கச்சி," என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தேநீரில் போட வேண்டிய சர்க்கரையை மேசையில் போட்டார்.

நானும் பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவள்தான். பண்டிகைக் காலை, எண்ணெய்த் தலை, தொலைக்காட்சியில் கணவனா மனைவியா. அதனால்தான் எனக்குப் பயமே.

மறுநாள் சனிக்கிழமை. அக்காவுக்கு அரைநாள் வேலை இருந்தது. மத்தியானம் சூலியா தெருவில் பதாகை அச்சிடும் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. அதுவரை ஊரைப் பார்க்கலாம் என்று கொம்தார் கோபுரத்தைக் குறிவைத்து நடந்தேன். எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற கோபுரம். எங்கள் பக்கத்தில் அந்த வேலையைக் கோயில்கள் செய்கின்றன. திரும்பி வரப் பேருந்து ஏறினேன். ஊர் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஊர் முடிந்து கடல் வந்தது. முன்னால் போய் ஓட்டுநரிடம் சூலியா தெரு எப்போது வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அது அப்போதே போய்விட்டது, எதிர்ப்பக்கமாக," என்றார் அவர், மலாயும் ஆங்கிலமும் கலந்து. "இது பத்து ஃபிரிங்கி கடற்கரைக்குப் போகிறது. உனக்குக் கடற்கரை வேண்டாமா? எல்லோரும் கடற்கரைக்குத்தான் வருகிறார்கள்."

"எனக்குப் பதாகை வேண்டும்."

"முதல் முறையாக ஒரு சுற்றுலாப் பயணி பதாகை கேட்கிறாள்," என்று அவர் பின்னிருக்கைப் பாட்டிக்கு மொழிபெயர்த்தார். பாட்டி எனக்கு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தாள். கடலைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கப் பேருந்தில் திரும்பினேன்.

சூலியா தெருவில் பணம் மாற்றும் கடைக்கும் உணவுக் கடைக்கும் நடுவில், ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் இருந்தது யூசுப் அண்ணனின் அச்சுக் கடை. அக்கா முன்பே வந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றிருந்தார். யூசுப் அண்ணன் பதாகையைத் திருமணப் புடவை விரிப்பதுபோல் விரித்தார்.

மேலே பெரிய எழுத்தில் 'தாடியா?' என்று இருந்தது. கீழே சிறிய எழுத்தில் 'ரோமில் ஒரு சாமானியக் குடும்பம்'. ஓரத்தில் மார்புவரை தாடி தொங்கும் ஒரு கற்சிலைத் தலை.

"அண்ணே, இந்தக் கேள்விக்குறி எங்கேருந்து வந்துச்சு?" என்றேன்.

"விட்டுப்போயிருந்துச்சு மா. நான்தான் போட்டேன்," என்றார் அடக்கமாக. "மொட்டையா தாடியான்னு எழுதுனா அர்த்தம் வராது லா." இந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒரு லா ஒட்டிக்கொள்ளும்.

"தாடியாங்கறது ஒரு பேரு அண்ணே."

"யாரு பேரு?"

"ஒரு பொண்ணோட பேரு."

அவர் பதாகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொண்ணுக்கும் தாடியா?"

"ஆமா அண்ணே. பொண்ணுக்குத்தான் தாடியா. ஆம்பளைக்குத் தாடியுஸ்."

யூசுப் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் சிலைக்கு வந்தேன். நான் பேசப்போகும் காலத்தில் ரோமானியர்கள் பெரும்பாலும் முகத்தை மழித்துக்கொண்டவர்கள், இந்தத் தலை ஏதோ கிரேக்க ஞானியுடையது என்று விளக்கினேன்.

"இரு மா, இரு. பேரு தாடியா, ஆனா தாடி கெடையாது?"

"கிடையாது."

"இந்த வீட்டுக்காரங்களோட யாவாரம் பண்ண முடியாது லா," என்றார் அவர் அக்காவிடம்.

மாற்றி அடிக்க முடியாது. இயந்திரத்தில் ஒரு கல்யாண வீட்டு வேலை ஓடிக்கொண்டிருந்தது. மாற்றினாலும் பயனில்லை என்று அடுத்த நிமிடமே தெரிந்தது. பதாகையின் படத்தை அவர் அன்று காலையிலேயே வட்டத்தினர் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அக்காவின் கைப்பேசி அதிர்ந்துகொண்டிருந்தது. 'தாடியா மீசையா? நடுவர் யாரு?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'தாடி அணியில எடம் இருக்கா?' என்று இன்னொருவர். 'என் வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரேன், மீசை அணிக்கு' என்று ஓர் அம்மா. 'தாடியா?' என்று போட்டால் தமிழன் அதைப் பாதித் தலைப்பாகத்தான் படிப்பான், மீதியை அவனே நிரப்பிக்கொள்வான். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதே தலைவரும் அழைத்தார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பட்டிமன்றம்னு முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா தேவகி? நான் சும்மா கோவப்பட்டுட்டேன் லா."

அக்கா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "திருத்துனா கூட்டம் வராது. திருத்தாட்டி வர்ற கூட்டம் ஏமாந்து எழுந்து போகும். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் திருத்தச் சொன்னேன். நான் படித்து வந்த படிப்பை மீசைக்கு எதிரணியாக நிறுத்த எனக்கு மனமில்லை. அக்காவின் கைப்பேசியிலேயே தட்டச்சு செய்து அனுப்பினேன். 'தாடியா என்பது ஒரு குடும்பத்தின் பெயர். இது பட்டிமன்றம் அல்ல, ஆய்வுரை.' பதில்கள் உடனே வந்தன. நிறையக் கட்டைவிரல்கள். ஒருவர் மட்டும் எழுத்தில் கேட்டிருந்தார்: 'நல்லது. ஆய்வுரை எந்த அணி?'

ஞாயிறு காலை சூலியா தெரு மாடி மண்டபம் நிரம்பியிருந்தது. இடப்பக்கம் தாடி வைத்தவர்கள் தாமாகவே சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், எண்ணெய் தடவிச் சீவி. வலப்பக்கம் மீசைகள். பெண்கள் நடுவில், எந்தப் பக்கமும் சாயாமல். யூசுப் அண்ணன் மூன்றாம் வரிசையில் இருந்தார். தன் பதாகைக்குக் கூட்டம் வந்த பெருமை முகத்தில் தெரிந்தது. தலைவர் குணசேகரன் என்னை வரவேற்று, மாலையும் பொன்னாடையும் போட்டு, "மத்த பேச்சாளர்கள் எங்க மா?" என்று காதோடு கேட்டார்.

நான் ஒருத்திதான் ஐயா என்றேன். அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல் இருந்துகொண்டேன்.

பெரிய தாடியா, சின்னத் தாடியாவுக்கு நல்ல சிரிப்பு. தாடியுஸுக்குத் தாடி இல்லை என்றதும் வலப்பக்கத்திலிருந்து கைதட்டல். அதோடு சரி. கல்லறைக் கற்களுக்குப் போனேன். எழுத்தமைதியை வைத்துக் காலம் கணிப்பது எப்படி என்று விளக்கினேன். நான் நன்றாகத்தான் விளக்குவேன், எங்கள் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். ஆனால் கைப்பேசிகள் ஒவ்வொன்றாக ஒளிர ஆரம்பித்தன. ஒரு மீசை கொட்டாவி விட்டது. பின்வரிசையில் ஒரு குடும்பம் குடையைத் தேடத் தொடங்கியது. இரண்டு பேர் குனிந்து, தாங்கள் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டு, வெளியேறினார்கள். தேவகி அக்கா கதவருகே போய் நின்றார். வழியனுப்பவா தடுக்கவா என்று அவருக்கே தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவர்கள்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கையிலிருந்த தாள்களில் பாதியைக் கவிழ்த்துவிட்டு, தாடியுஸ் ஒருவரின் நிலத் தகராறுக்குத் தாவினேன்.

தகராறு இதுதான். தாடியுஸ் கைக்கு ஒரு பரம்பரைச் சொத்து வந்தது. ரோமில் குறிப்பிட்ட காலம் ஒரு சொத்தைத் தடையில்லாமல் கையில் வைத்திருந்தால் அது வைத்திருப்பவருக்கே உரிமையாகிவிடும். காலம் ஆகிவிட்டது, இனிக் கவலை வேண்டாம் என்று நண்பர் ஒருவர் அவருக்குத் தைரியம் சொன்னார். ஊரறிந்த வழக்கறிஞர் ஒருவரோ இல்லை என்றார். அந்தச் சொத்தில் ஒரு சிறுபெண் சம்பந்தப்பட்டிருக்கிறாள். அவள் சட்டப்படி காப்பாளர் பொறுப்பில் இருப்பவள். அப்படிப்பட்டவளின் சொத்தை எத்தனை காலம் வைத்திருந்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது.

"அது எப்படி மா?" என்றது மூன்றாம் வரிசை. யூசுப் அண்ணன் எழுந்து நின்றிருந்தார். "எங்க அத்தா இந்தத் தெருவுல கடை வச்சிருந்தாரு. வாடகைக் கடைதான். ஆனா கூரை ஒழுகுனா அவருதான் ஓடு மாத்துவாரு. பொறவு சட்டம் மாறிச்சு, வாடகை ஏறிச்சு, காலி பண்ணுன்னுட்டாங்க. எடத்தக் கையில வச்சு பாத்துக்கிட்டவனுக்கு ஒண்ணுமே கெடையாதா? நான் தாடியுஸ் பக்கம்."

நடுவிலிருந்து ஓர் அம்மா கையைத் தூக்கினார். பைராம் தோட்டத்திலிருந்து கடற்பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தவர். தேவகி அக்காவுடன் அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்று முன்பே அறிமுகம் செய்திருந்தார்கள். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டே பேசினார்.

"எங்கப்பா தவறுனப்ப நான் சின்னப் புள்ள. பெரியப்பாதான் எங்களக் காப்பாத்துனாரு. நல்ல மனுஷன். எங்க வீட்டையும் காப்பாத்துனாரு. இப்ப அது அவரு மகன் பேருல இருக்கு."

சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றுவிட்டது.

"ஓடு மாத்துனது சரிண்ணே," என்றார் அந்த அம்மா, யூசுப் அண்ணனைப் பார்த்து. "பெரியப்பாவும் மாத்துனாரு. அந்த வீட்டுல யாரு இருக்கணும்னுகூட நான் கேக்கல. அது யாருதுன்னு அன்னிக்கு ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கப்பா வீடு வேற, எங்க அத்தா கடை வேற," என்றார் யூசுப் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "எங்களுக்கு எதிர்ல இருந்தது பச்சப்புள்ள இல்ல. பணக்காரன்."

"அந்த ரோம்காரருக்கு எதிர்ல இருந்தது புள்ளதானே?"

அதன்பிறகு ஒலிவாங்கி என்னிடம் திரும்பி வரவில்லை. இடப்பக்கத்து இளைஞன் ஒருவன், தாடி வைத்தவர்கள் எல்லாம் தாடியுஸ் அணி என்று அறிவித்தான். "தாடி இருந்தாத்தான் நெலமா?" என்றாள் அவனுக்குப் பின்னால் இருந்த ஒரு பெண். "அப்ப நாங்க தாடியா." மீசைகளில் பாதி அந்த ரோமானியச் சிறுபெண்ணின் பக்கம் போனது. மீசை அணிக்கென்று மனைவி இழுத்துவந்தவர் மனைவிக்கு எதிராகப் பேசினார். குடை தேடிய குடும்பம் குடையோடு நின்றுகொண்டே வாதாடியது. வெளியே போன இருவரும் என்ன சத்தம் என்று பார்க்கத் திரும்பி வந்திருந்தார்கள். பட்டிமன்றம் அல்ல என்று எழுதி அனுப்பியவள் நான்தான். மேடையில் பொன்னாடையோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, தீர்ப்பு என்ன மா?" என்றார் தலைவர். "கடைசியில நெலம் யாருக்குப் போச்சு?"

"தெரியாது ஐயா. வழக்கு எப்படி முடிஞ்சதுன்னு எங்கேயும் எழுதி வைக்கல. அந்தப் பொண்ணோட பேரையும் யாரும் எழுதல. அவ தாடியா வீட்டுப் பொண்ணுதானான்னுகூட உறுதியில்ல."

"ஒரு யூகமாச் சொல்லுங்களேன்."

"தெரியாததச் சொல்ல மாட்டேன் ஐயா."

மண்டபம் ஏமாற்றத்தில் ஒரு சத்தம் எழுப்பியது. தலைவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்க கொஞ்சம் உக்காருங்க மா. நாங்க பாத்துக்கிறோம்," என்றார். என்னுடைய ஆய்வுரையில் என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். யூசுப் அண்ணனும் தோட்டத்து அம்மாவும் முன்னால் அழைக்கப்பட்டார்கள். இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள்.

அப்போதுதான் படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. சமையல்காரர்கள் பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். மணம் மண்டபம் முழுக்கப் பரவியது. சாப்பாடு வந்த பிறகு உட்கார்ந்திருக்கும் தமிழ்க் கூட்டத்தை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. தேவகி அக்கா கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தலைவரே, சாப்பாடு சூடா இருக்கு, எறக்கிரலாமா?" என்றார் சமையல்காரர்.

தலைவர் குணசேகரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டித் தடுத்தார்.

"அப்படியே வெளிய வைங்க லா. அந்தப் புள்ளைக்கு நெலம் உண்டா இல்லையான்னு இன்னும் முடிவாகல."